கதவு ஒன்று, குடும்பம் இரண்டு

மண் சுவர் வைப்பது என் தொழில். இங்கிலாந்தின் டார்செட் பகுதியிலுள்ள மில்டன் அப்பாஸ் கிராமத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதே அளவு கோபமும் உண்டு.

சரிவில் வளைந்து இறங்கும் ஒரே தெரு. இரு பக்கமும் அச்சில் வார்த்ததுபோல் 36 கூரை வீடுகள், முன்னால் புல்தரை. களிமண்ணும் சுண்ணக்கல் பொடியும் வைக்கோலும் சேர்த்து மிதித்து, ஒரு படை ஏற்றிக் காயவிட்டு, அதன்மேல் அடுத்த படை ஏற்றிய சுவர்கள். அடியில் ஈரம் ஏறாமல் கல் அடித்தளம், மேலே மழைநீரைத் தள்ளிவிடும் கூரை இறவாணம். அடியும் தலையும் நனையாவிட்டால் மண் சுவருக்குச் சாவில்லை. இருநூறு வருஷம் தாண்டியும் அவை நிற்கின்றன.

கோபம் எதனால்? 1752-இல் ஜோசப் டேமர் என்ற பிரபு அங்கிருந்த பழைய மடத்து நிலத்தை வாங்கினார். அங்கே அவருடைய மாளிகையை ஒட்டியே மிடில்டன் என்ற சந்தை ஊர்: நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள், கடைகள், சத்திரங்கள், பள்ளிக்கூடம். அது அவர் கண்ணை உறுத்தியது. நிலக்காட்சி வல்லுநர் கேபபிலிட்டி பிரவுனை வைத்துப் பூங்கா அமைத்தார். குத்தகை முடிய முடிய வீடுகளை இடித்தார். ஹாரிசன் என்ற வழக்கறிஞர் மட்டும் நகர மறுத்தார். மதகைத் திறந்து அவர் வீட்டுக்குள் தண்ணீரை விட்டார்கள். அவர் வழக்குப் போட்டு ஜெயித்தார். ஆனால் ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற முடியவில்லை. நாடாளுமன்றச் சட்டத்தின் மூலமே 1785-இல் பிளாண்ட்ஃபோர்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஊராருக்கென்று மாளிகையின் கண்ணில் படாத பள்ளத்தாக்கில் 1780 வாக்கில் எழுந்ததுதான் இந்தத் தெரு. ஒவ்வொரு வீட்டின் முன்கதவையும் பாருங்கள்: ஒன்றுதான். அன்று உள்ளே நுழைந்தால் இடப்பக்கம் ஒரு குடும்பம், வலப்பக்கம் ஒரு குடும்பம். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு வசதியான ஒற்றை வீடாகத் தெரியவேண்டும் என்பதற்காக, குடியிருந்தவர்கள் நடைவாசலைப் பங்குபோட்டார்கள். 36 வீட்டில் 72 குடும்பம். மற்றவர்கள் வேறு ஊர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சுவர் வைத்த கைகளை நான் வணங்குகிறேன். அந்தக் கதவை வரைந்த மனசை மன்னிக்க முடியவில்லை.

பழைய ஊரிலிருந்து 1674-ஆம் வருஷத்து ஏழையர் இல்லத்தை மட்டும் பிரித்தெடுத்து வந்து, 1779-இல் இங்கே மறுபடி கட்டினார்கள். புதுத் தேவாலயம் 1786-இல் வந்தது. வீட்டுக்கு வீடு நடுவே நட்ட குதிரைச் செஸ்ட்நட் மரங்கள் வளர்ந்து வீடுகளையே அமுக்கின. விழுந்துவிடுமோ என்ற நிலை வந்ததும் 1953-இல் எல்லாவற்றையும் வெட்டினார்கள்.