இரட்டைக் கண் கேமராவும் நம்ம ஒர்க்‌ஷாப் பாடமும்



1947-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் டேவிட் ஒயிட் கம்பெனி ‘ஸ்டீரியோ ரியலிஸ்ட்’ கேமராவை விற்பனைக்குக் கொண்டு வந்தது. வடிவமைத்தவர் சீட்டன் ராக்வைட். 35 மி.மீ. பிலிம், 70 மி.மீ. இடைவெளியில் இரண்டு லென்ஸ்கள். ஒரே சமயத்தில் இரண்டு படம் பதியும். வியூவரில் பார்த்தால் காட்சி ஆழத்தோடு எழுந்து நிற்கும். 1971-இல் தயாரிப்பு நின்றது.

அப்படியொரு கேமரா போன வருஷம் என் கைக்கு வந்தது. அழுத்தினால் அசையவே இல்லை. பழுதா? இல்லைங்க. இதில் பிலிமைச் சுற்றினால் மட்டும் ஷட்டர் தயாராகாது. முன்பக்கத்து நெம்புகோலைத் தனியாகத் தள்ள வேண்டும்! தள்ளினேன். வேகமாக வைத்தபோது சரியாக ஓடியது. ஒரு நொடியில் வைத்தால் திறந்தபடியே நின்றுவிட்டது. மெதுவாக்கும் பல்சக்கரங்களில் பழைய கிரீஸ் இறுகியிருந்தது.

எண்ணெய் விடலாம்னு கை பரபரத்தது. இரண்டாம் ஆண்டில் அப்பாவின் கேமராவை அப்படித்தான் கெடுத்தேன். தகடுகளில் எண்ணெய் பரவி ஒட்டிக்கொண்டது. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று ஒர்க்‌ஷாப் ஆசிரியர் சொன்னார்: “முதல்ல பாருப்பா, அப்புறம் கையை வை.”

இம்முறை லைட்டர் பெட்ரோலால் கிரீஸை மட்டும் துடைத்தெடுத்தேன். ஷட்டர் மூடியது. முதல் படம் அப்பாவைத்தான் எடுத்தேன்.