நெருப்புக்குச்சியின் விலை

அடுப்பு மூட்டுவதற்கும் விளக்கேற்றுவதற்கும் நாம் நாள்தோறும் உரசுகின்ற நெருப்புக்குச்சி மிகச் சாதாரணமான பொருள். அதன் வரலாறோ சாதாரணமானதன்று. வேலைத்தலத்தில் விளையும் தீங்குகளுக்கெல்லாம் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று கூறும் வழக்கம் எத்துணைப் பொய்யானது என்பதை இச்சிறு குச்சி நமக்குக் கற்பிக்கின்றது.

1830 ஆம் ஆண்டையடுத்து ஐரோப்பாவிலே வெள்ளைப் பொஸ்பரசு சேர்ந்த நெருப்புக்குச்சி பரவலாயிற்று. சுவரிலோ சப்பாத்தின் அடியிலோ, எங்கு உரசினும் அது பற்றிக்கொள்ளும். ஓய்வுநேரத்திலே சுங்கான் பிடித்து இன்புறும் கனவான்களுக்கு இவ்வசதி பெரிதும் பிடித்துப் போயிற்று. அக்குச்சிகளைச் செய்தோர் பெரும்பாலும் ஏழைப் பெண்களும் சிறுவருமாவர்.

சூடேற்றிய பொஸ்பரசுக் குழம்பிலே குச்சிகளைத் தோய்த்து உலர்த்திப் பெட்டிகளில் அடைப்பதே அவர்களது வேலை. நச்சாவி மண்டிய அதே கூடத்தில் அவர்கள் உணவும் உண்டனர். முதலிற் பல்வலி தோன்றும். பின்னர் ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கும். ஈற்றில் தாடையெலும்பே இறந்து அழுகும். அந்நாற்றத்தைத் தாங்கமாட்டாது உற்றாரும் விலகுவர். அழுகிய எலும்பை அறுத்தகற்றுவதே பலருக்கு எஞ்சிய வழி. அதன் பின்னும் மாண்டோர் உளர்.

இந்நோயை எவரும் அறியாதிருந்தனரா? 1845 இலேயே வியன்னா நகர மருத்துவர் லோரின்சர் இதனை விவரித்து எழுதிவிட்டார். 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்திலே கார்ல் மார்க்ஸ், இத்தொழிலாளருட் பாதிப்பேர் 13 வயதுக்குட்பட்ட சிறுவரும் 18 வயதுக்குட்பட்ட இளையோருமே எனச் சுட்டிக்காட்டினார். அப்படியாயின், மாற்றுவழி இல்லாதிருந்ததா? அதுவும் இருந்தது. அவ்வியன்னாவிலேயே, ஏறக்குறைய அதே காலத்தில், நச்சுத்தன்மையற்ற சிவப்புப் பொஸ்பரசை சுரொட்டர் என்னும் இரசாயனர் கண்டறிந்தார். அதனைக் கொண்டு சுவீடன் நாட்டு லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர் செய்த பாதுகாப்பான நெருப்புக்குச்சி 1855 இல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதன் பிரித்தானிய உரிமையை வாங்கியதும் இலண்டனின் 'பிரையன்ட் அன்ட் மே' கொம்பனியே. ஆயினும் பாதுகாப்பான குச்சியின் விலை சற்று அதிகம். பெட்டியின் பக்கத்தில் மட்டுமே அதனை உரசலாம். மலிவான நச்சுக்குச்சியே பெருவாரியாக விற்றது. ஆகவே இரண்டையும் கொம்பனி செய்துவந்தது.

1888 யூன் மாதத்தில் அன்னி பெசண்ட் அம்மையார், தாம் நடத்திய 'லிங்க்' என்னும் வாரப் பத்திரிகையிலே அத்தொழிற்சாலைப் பெண்களின் நிலையை அம்பலப்படுத்தினார். பின்னாளிற் சென்னையில் வாழ்ந்து, 1917 இல் இந்தியத் தேசிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. வாரம் 4 சிலிங் மட்டுமே பெறும் 16 வயதுப் பெண்ணையும், காலில் அழுக்கிருந்தால்கூட விதிக்கப்படும் அபராதத்தையும் பற்றி அவர் எழுதினார். பங்குதாரருக்கோ நூற்றுக்கு 20க்கு மேல் இலாபம் கிடைத்தது. அக்கட்டுரை பொய்யென்று கையெழுத்திடும்படி கொம்பனி கேட்டது, பெண்கள் மறுத்தனர். யூலையில் ஏறக்குறைய 1,400 பேர் வேலையை விட்டு வெளியேறினர். சில வாரங்களுள் அவர்கள் வென்றனர். அபராதங்கள் நீங்கின, நச்சாவி படாத தனியறையில் உணவருந்தும் உரிமை கிட்டியது, தொழிற்சங்கம் உருவாயிற்று. அடுத்த ஆண்டிலே இலண்டன் துறைமுகத் தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்துக்கும் இவர்களது வெற்றி ஊக்கமளித்தது.

ஆனால் நஞ்சு நீங்கவில்லை. நோய் கண்டோரைப் பற்றி அதிகாரிகளுக்கு அறிவியாது மறைத்தமைக்காக 1898 இல் அக்கொம்பனி குற்றவாளியாகக் காணப்பட்டது. செலுத்திய தொகை 25 பவுணுக்குச் சற்று மேல்! 1901 இல்தான் அது வெள்ளைப் பொஸ்பரசைக் கைவிட்டது. பின்லாந்து 1872 இலும் டென்மார்க் 1874 இலும் தடைசெய்த பொருளை விலக்கும் பேர்ன் உடன்படிக்கை 1906 இல் உருவாயிற்று. பிரித்தானியா 1908 இல் சட்டமியற்றி 1910 இல் நடைமுறைப்படுத்தியது. இந்தியாவில் 1913 இலே தடைச்சட்டம் வந்தது. லோரின்சரின் எழுத்துக்கும் பிரித்தானியத் தடைக்குமிடையே 65 ஆண்டுகள் கழிந்தன. அந்த ஆண்டுகளிலெல்லாம் கையைக் கழுவும்படியும் பழுதான பல்லைப் பிடுங்கும்படியும் தொழிலாளிக்குத்தான் உபதேசம் செய்யப்பட்டது.

இது பழங்கதை என்று நாம் ஆறுதலடைய இயலாது. நம் பண்டிகைகளுக்கு ஒளியூட்டும் பட்டாசும் வாணமும் பெருமளவில் உற்பத்தியாகும் சிவகாசிப் பகுதியிலே, 2012 செப்டெம்பர் 5 ஆந் திகதி ஒரு தொழிற்சாலை வெடித்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே வெடிவிபத்து அதற்கு முன்னும் நிகழ்ந்தது, பின்னும் நிகழ்ந்தது. ஒவ்வொரு முறையும் 'உராய்வு' என்றும் 'கவனக்குறைவு' என்றும் செய்தி எழுதப்படுகின்றது. வாணம் கொளுத்தி மகிழ்பவன் அதனைச் செய்த கையைக் காண்பதில்லை; சுங்கான் பிடித்த கனவானும் அன்று கண்டாரில்லை.

ஆகவே, ஒரு விபத்தைக் கேள்வியுறும்போது, தவறியவன் யார் என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. ஆபத்து முன்பே தெரிந்திருந்ததா? மாற்றுவழி இருந்ததா? அதனைத் தாமதித்ததால் இலாபமடைந்தவர் யார்? வகுப்பறையிலே நம் மாணவர் இவ்வினாக்களைக் கேட்கப் பழகுவாராயின், பிழைப்பைப் பறிகொடுக்கும் அச்சத்திலும் கையெழுத்திட மறுத்த அப்பெண்களின் துணிவுக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.