கைமாறிய பத்திரிகை: ஜகன்மோகினியின் 35 ஆண்டுகள்

பத்திரிகைகளின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் அவற்றின் ஆசிரியர்களைப் பற்றியும் அவற்றில் எழுதிய புலவர்களைப் பற்றியும் கூறி முடித்துவிடுவர். பத்திரிகை யாருடைய உடைமை, காகிதத்துக்கும் அச்சுக்கும் பணம் கொடுத்தவர் யார், நட்டம் வந்தபோது அதைத் தாங்கியவர் யார் என்னும் கேள்விகள் பின்னால் தள்ளப்பட்டுவிடும். எனினும், மாதர் பத்திரிகைகளைப் பொறுத்தவரை இக்கேள்விகளே முதன்மையானவை. பெண்களுக்காக நடக்கும் பத்திரிகை பெண்ணின் உடைமையாக இருப்பதும், வேறொருவரின் உடைமையாக இருந்து பெண்களுக்கு அறிவுரை கூறுவதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள ஸ்ரீமதி வை. மு. கோதைநாயகி அம்மாளின் 'ஜகன்மோகினி'யைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு தமிழில் கிடைப்பது அரிது.

ஜகன்மோகினிக்கு முன்பே தென்னாட்டில் மாதர் பத்திரிகைகள் இருந்தன. 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சென்னையில் 'சக்கரவர்த்தினி' தோன்றிற்று. அதன் உரிமையாளர் பி. வைத்தியநாத ஐயர், ஆசிரியர் சுப்பிரமணிய பாரதியார். 'தமிழ்நாட்டு மாதர்களின் அபிவிருத்தி' என்பது நோக்கமாக இருந்தும், உடைமையும் ஆசிரியப் பொறுப்பும் ஆடவரிடமே இருந்தன. ஓராண்டுக்குள் பாரதியார் ஆசிரியப் பொறுப்பிலிருந்து விலகினார். அவருடைய எழுத்தால் பெயர் பெற்ற பத்திரிகையின் மீது அவருக்கு உரிமை எதுவும் இருக்கவில்லை.

அதற்கும் முன்பே, 1901-இல், கமலா சத்தியநாதன் அம்மையார் 'இந்தியன் லேடீஸ் மேகஸீன்' என்னும் ஆங்கில மாத இதழைச் சென்னையில் தொடங்கினார். நம் ஐதராபாத்தில் பிறந்த சரோஜினி தேவியாரின் கவிதைகளும், வங்காளத்து ரொக்கையா அம்மையாரின் 'சுல்தானாவின் கனவு' என்னும் புகழ்பெற்ற கதையும் (1905) அதில்தான் வெளிவந்தன. 1906-இல் கணவர் காலமான பிறகும் கமலா அம்மையார் அதை விடாது நடத்தினார். 1918-இல் நின்ற இதழ், 1927-இல் மகள் பத்மினியின் துணையோடு மீண்டும் எழுந்து, 1938 வரை நடந்தது. ஒரு பெண்ணின் உடைமையாக ஓர் இதழ் இருக்க முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் ஆங்கிலம் கற்ற சிலரையே அது எட்டிற்று.

நாம் வாழும் இத்தெலுங்கு நாட்டிலும் இக்கதை இதே போக்கில் நடந்திருக்கிறது. 1902-இல் ஏலூரில் சத்திராஜு சீதாராமய்யா 'ஹிந்து சுந்தரி'யைத் தொடங்கியபோது, ஆசிரியப் பொறுப்பை மொசலிகண்டி ராமாபாயம்மா, வெம்பாலா சாந்தாபாயி என்னும் இரு பெண்மணிகளிடம் ஒப்படைத்தார். ஐதராபாத் நகரிலோ, முகிப் உசேன் என்பவர் உருது மொழியில் 'முஅல்லிம்-எ-நிஸ்வான்' என்னும் பத்திரிகையை நடத்தி, பெண் கல்விக்காக வாதாடினார். பர்தா வழக்கத்தையும் கண்டித்தார். அப்பத்திரிகை 1901-இல் நின்றுபோயிற்று. பின்னர் இந்நகரத்துச் சுக்ரா ஹுமாயூன் மிர்ஸா அம்மையார் 'அந்-நிஸா'வின் ஆசிரியராகித் தாமே பத்திரிகைப் பொறுப்பை ஏற்றார். மொழிகள் வேறாயினும் போக்கு ஒன்றே: முதலில் ஆடவர் பெண்களுக்காகப் பேசினர், பிறகு பெண்கள் தாமே பேசத் தலைப்பட்டனர்.

இந்தப் பின்னணியில் ஜகன்மோகினியைப் பார்ப்போம். 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் பிறந்த கோதைநாயகி, பள்ளிக்கூடம் சென்று படித்தவர் அல்லர். ஐந்தரை வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது, கணவர் வை. மு. பார்த்தசாரதி அப்போது தாமும் சிறுவரே. பதினான்கு வயதுக்கு முன் பெண்ணுக்கு மணம் செய்தல் குற்றம் என்னும் சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறி, 1930-இல்தான் நடைமுறைக்கு வந்தது. திருவல்லிக்கேணியில் புக்ககம் புகுந்த அச்சிறுமி, கேட்ட கதைகளையும் தாமே புனைந்த கதைகளையும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குச் சொல்லி வந்தார். நாடகம் ஒன்று மனத்தில் உருவானபோது, அதை எழுதும் பயிற்சி அவருக்கு இல்லை. அவர் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்னும் தோழி எழுதிக்கொடுத்தார். அதுவே 1924-இல் வெளிவந்த 'இந்திரமோகனா'.

அடுத்த ஆண்டிலேயே அவர் ஒரு பத்திரிகைக்கு உரிமையாளரானார். துப்பறியும் கதைகளால் பெரும்புகழ் பெற்றிருந்த வடுவூர் துரைசாமி ஐயங்கார் அவருடைய எழுத்தை ஊக்குவித்தவர்களுள் ஒருவர். ஏற்கெனவே பிறர் கைவசம் இருந்த 'ஜகன்மோகினி' என்னும் பத்திரிகையைக் கோதைநாயகி அம்மாள் 1925-இல் தம் வசமாக்கிக்கொண்டார். தம்முடைய முதல் நாவலான 'வைதேகி'யை அதில் தொடராக வெளியிட்டார். பத்திரிகைக்குப் புதிய பெயர் சூட்டாமல், பழைய பெயரையே வைத்துக்கொண்டது கவனிக்கத்தக்கது. பெயரும் பழைய சந்தாதாரர்களும் ஒரு பத்திரிகையின் முதலீட்டில் ஒரு பகுதி. ஆயினும், சில ஆண்டுகளுக்குள் அப்பெயரைக் கேட்டவர்களுக்குப் பழைய உரிமையாளர் எவரும் நினைவுக்கு வரவில்லை. கோதைநாயகி அம்மாள் ஒருவரே நினைவுக்கு வந்தார்.

மாதப் பத்திரிகையின் உயிர் சந்தாவில் இருந்தது. ஓராண்டுச் சந்தாவை மணியார்டர் வழியே முன்பணமாக அனுப்பும் வாசகர், அடுத்த மாதக் கதையை எதிர்நோக்கியே அனுப்பினார். தொடர்கதை முடியும் மாதத்தில் சந்தாதாரர் விலகிவிடக் கூடும். ஆகவே ஒரு கதை முடிவதற்குள் இன்னொன்று தொடங்கிவிட வேண்டும். கோதைநாயகி அம்மாள் தம் வாழ்நாளில் 115 நாவல்கள் எழுதினார் என்று கூறும்போது, அவற்றின் இலக்கியத் தரத்தைப் பற்றி மட்டுமே வாதிடுவோர் இந்தக் கணக்கை மறந்துவிடுகின்றனர். அவர் எழுத்தாளராக மட்டும் இருந்திருந்தால் ஓய்ந்திருக்கலாம். உரிமையாளராகவும் இருந்தமையால் எழுதிக்கொண்டே இருந்தார்.

இவ்வுடைமை அவருக்கு ஒரு சுதந்திரத்தையும் அளித்தது. 1925-இல் காந்தியடிகளைக் கண்டபின் கதர் உடுத்தத் தொடங்கிய அவர், மதுவிலக்கு, கதர், விதவையரின் துயரம், இளமை மணத்தின் கொடுமை ஆகியவற்றைத் தம் இதழில் தம் விருப்பப்படி எழுதினார். 'இதனால் சந்தாதாரர் கோபித்துக்கொள்வார்' என்று தடுக்க மேலே ஒரு முதலாளி இல்லை. அந்தக் கோபத்தின் விளைவைத் தாங்க வேண்டியவரும் அவரே. 1930-களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலில் ஈடுபட்டு அவர் சிறை சென்றபோது, கணவர் பார்த்தசாரதி பத்திரிகையைக் கவனித்துக்கொண்டார். சிறையில் இருந்தபடியே அம்மையார் 'சோதனையின் கொடுமை' என்னும் நாவலை எழுதினார். மனைவியின் பெயரால் நடக்கும் தொழிலுக்குக் கணவர் துணையாளராக நின்றது அந்நாளில் பலருடைய ஏளனத்துக்கு இடமானதில் வியப்பில்லை. அதை அவ்விருவரும் பொருட்படுத்தாமல் இருந்ததே பெரிது.

1937-இல் ஜகன்மோகினிக்குச் சொந்த அச்சகம் அமைந்தது. இதன் பொருளை அச்சுத் தொழிலை அறிந்தவர்கள் எளிதில் உணர்வர். வெளி அச்சகத்தில் அச்சிடும் பத்திரிகை, அச்சகத்தாரின் பாக்கிக்கும் அவருடைய மற்ற வேலைகளுக்கும் காத்திருக்க வேண்டும். சொந்த அச்சகம் இருந்தால், இதழ் முடிந்த நாள்களில் எழுத்துகளும் இயந்திரமும் சும்மா கிடக்க வேண்டியதில்லை. தொடர்கதைகளை நூல்களாகவும் அச்சிட்டு விற்கலாம். அவ்வாறே அம்மையாரின் நாவல்கள் நூல்வடிவம் பெற்றன. அதே 1937-ஆம் ஆண்டில்தான் இந்து மாதர் சொத்துரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. கணவனை இழந்தவளுக்கு மகனுக்கு நிகரான பங்கை அது அளித்தது. ஆனால் அவள் வாழ்நாள் வரை அனுபவிக்கும் வரையறுத்த உரிமையாகவே அளித்தது. அந்த வரையறை நீங்கி முழு உரிமை கிடைக்க 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது. சட்டம் தயங்கித் தயங்கி வந்த அந்த இடைக்காலத்தில், ஒரு பெண்மணி அச்சகமும் பத்திரிகையும் நடத்திக்கொண்டிருந்தார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. காகிதத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. 1942-இல் ஜப்பானியக் குண்டு வீச்சுக்கு அஞ்சிச் சென்னை மக்கள் பெருந்திரளாக ஊரை விட்டு வெளியேறினர். அக்காலத்தில் கோதைநாயகி அம்மாள் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகே கிராமத்தில் குடியேறி, அங்கிருந்து பத்திரிகையைத் தொடர்ந்தார். எத்தனையோ பத்திரிகைகளை முடித்துவைத்த போர், ஜகன்மோகினியை முடித்துவைக்க இயலவில்லை.

இங்கே ஓர் ஒப்பீடு பயனுள்ளதாகும். 1926-இல் பூதூர் வைத்தியநாத ஐயர் தொடங்கிய 'ஆனந்த விகடன்', 1928-இல் எஸ். எஸ். வாசன் அவர்களிடம் கைமாறியது. ஆக, மூன்றாண்டு இடைவெளியில் சென்னையில் இரண்டு பத்திரிகைகள் புதிய உரிமையாளரைப் பெற்றன. இரண்டுமே புதிய கைகளில் செழித்தன. ஆனால் விகடனில் உரிமையாளர் ஒருவர், ஆசிரியர் ஒருவர், விளம்பரம் சேர்ப்போர் வேறு சிலர் என்று வேலை பிரிந்து நின்றது. அதன் பெருமைக்குக் காரணராயிருந்த 'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தி விலகி, 1941-இல் தம் பெயரிலேயே புதிய பத்திரிகை கண்டபோதும் விகடன் நின்றுவிடவில்லை. வாசனுக்குப் பின் மகன் பாலசுப்பிரமணியன் அதை ஏற்று நடத்தினார். ஜகன்மோகினியிலோ உரிமையாளரும் ஆசிரியரும் முதன்மை எழுத்தாளரும் ஒருவரே. அதுவே அதன் வலிமை. அதுவே அதன் எல்லையும் ஆயிற்று.

சங்கத்தின் உடைமையாக நடந்த பத்திரிகைக்கும் எல்லை இல்லாமல் இல்லை. 1917-இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கம், மறு ஆண்டு முதல் 'ஸ்திரீ தர்மம்' என்னும் இதழை நடத்திற்று; டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அதற்கு ஆசிரியராக இருந்தார். வாக்குரிமை, தேவதாசி ஒழிப்பு ஆகிய பெரும் கிளர்ச்சிகளுக்கு அது கருவியாயிற்று. எனினும் அது 1936-இல் நின்றது. தனி ஒருவரின் இதழ் அவருடைய ஆயுளுக்கு உட்பட்டது. சங்கத்தின் இதழ் அங்கத்தினரின் ஊக்கத்துக்கு உட்பட்டது. கம்பெனியின் இதழ் இலாபக் கணக்குக்கு உட்பட்டது. பெண்களின் குரல் எதில் நிலைக்கும் என்பதற்கு ஒற்றை விடை இல்லை.

1948-இல் காந்தியடிகள் மறைந்தபின், கோதைநாயகி அம்மாள் 'மகாத்மாஜி சேவா சங்கம்' கண்டு சமூகத் தொண்டில் ஈடுபட்டார். 1956-இல் அவருடைய ஒரே மகன் காலமானார். அத்துயரம் அம்மையாரின் உடலையும் உள்ளத்தையும் தளரச் செய்தது. காசநோய் கண்டு, தாம்பரம் சானடோரியத்தில் 1960-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். சுமார் 35 ஆண்டுகள் நடந்த ஜகன்மோகினியும் அவரோடு முடிவுற்றது. 1925-இல் ஒருமுறை கைமாறிப் புத்துயிர் பெற்ற பத்திரிகையை இரண்டாம் முறை ஏற்று நடத்த ஒருவரும் முன்வரவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1966-இல், அவருடைய 'தயாநிதி' என்னும் நாவல் 'சித்தி' என்னும் திரைப்படமாகி வெற்றி கண்டது. கதைக்கு வாழ்வு இருந்தது. கதையை வளர்த்த பத்திரிகைக்கு வாரிசு இல்லை.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். சிகந்தராபாத்தின் ராணுவக் குடியிருப்பும் ரயில்வேயும் அழைத்துவந்த தமிழ்க் குடும்பங்களும், பம்பாய், நாகபுரி, டில்லி என்று பரவிய குடும்பங்களும் தமிழ் எழுத்தோடு உறவு விடாமல் இருந்ததற்குத் தபாலில் வந்த பத்திரிகைகள் பெரிதும் காரணம். பள்ளியில் தமிழ் இல்லாத ஊர்களில், தாய்மார் படித்த தொடர்கதைகளே பிள்ளைகளுக்கு அரிச்சுவடியாயின. பத்திரிகைகளிலிருந்து கிழித்தெடுத்த பக்கங்களைச் சேர்த்துத் தைத்து, அட்டை போட்டுக் காப்பாற்றியவர்களும் பெரும்பாலும் அத்தாய்மாரே.

இன்று அப்பத்திரிகைகளின் முழுத் தொகுதிகள் கிடைப்பது அரிதாகிவிட்டது. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிலையங்கள், தனி ஒருவர் ஆர்வத்தால் சேர்த்தவற்றிலிருந்து வளர்ந்து, பழைய இதழ்களைக் காத்து வருகின்றன. ஆதலின், பாட்டியாரின் டிரங்குப் பெட்டியிலோ வீட்டுப் பரணிலோ பழைய கட்டு ஒன்று இருக்குமானால், அதைப் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அட்டை இல்லாமல் இருக்கலாம். பாதிக் கதைதான் இருக்கலாம். ஆயினும் அத்தகைய நூலகம் ஒன்றுக்கு எழுதிக் கேளுங்கள். நடத்தியவருக்குப் பின் கேட்பாரற்றுப்போன ஒரு சொத்துக்கு, வாசகர்களாகிய நாமே இப்போது உரிமையாளர்கள்; அதைப் பாதுகாத்துத் தகுந்த கையில் சேர்ப்பது நம் கடமை.