பல பகுதிச் சுருக்கக் கோப்புகள்

பெரிய கோப்பு ஒன்றைப் பொதிந்து, குறித்த அளவுள்ள துண்டுகளாக வெட்டிய தொகுப்பே பல பகுதிச் சுருக்கக் கோப்பு. இதன் தொடக்கம் ஃபிளாப்பி வட்டுக் காலம். ஒரு வட்டில் 1,474,560 பைட்டுகளே அடங்கும் என்பதால், பெரிய கோப்புகளைப் பல வட்டுகளில் பிரித்து எழுத வேண்டியிருந்தது. ரஷ்ய நிரலாளர் யூஜின் ரோஷல் 1993இல் உருவாக்கிய ரார் வடிவம் இதற்குப் பெரிதும் பயன்பட்டது.

ஃபிளாப்பி மறைந்த பின்னும் இம்முறை யூஸ்நெட் என்னும் இணையச் செய்திக்குழு வலையமைப்பில் நிலைத்தது. அங்கு ஒரு செய்தியின் அளவுக்கு வரம்பு உண்டு. வழியில் செய்திகள் தொலைவதும் உண்டு. துண்டுகளாக அனுப்பினால், கெட்ட துண்டை மட்டும் மீண்டும் அனுப்பலாம்.

2000களின் முற்பகுதியில் தொலைக்காட்சித் தொடர்கள், பெரும்பாலும் உரிமையாளர் அனுமதியின்றி, இவ்வாறே சுற்றின. 700 மெகாபைட் குறுந்தகட்டில் இரண்டு அடங்குமாறு ஓர் அத்தியாயம் 350 மெகாபைட்டாக அமைக்கப்பட்டது. அதை 1.5 கோடி பைட் அளவில் வெட்டினால் 25 துண்டுகள் கிடைக்கும். எக்ஸ்விட் போன்ற முறைகளில் காணொளி முன்பே சுருக்கப்பட்டிருப்பதால், ராரில் பொதிவதால் அளவு குறைவதில்லை.

பிரித்தெடுக்க எல்லாத் துண்டுகளும் ஒரே கோப்புறையில், பெயர் மாறாமல் இருக்க வேண்டும். முதல் துண்டைத் திறந்தால் போதும். மற்றவற்றை மென்பொருளே வரிசையாகப் படித்துக்கொள்ளும். பழைய பெயரிடலில் 'ரார்' என முடிவதே முதல் துண்டு, 'ஆர்00' இரண்டாவது. பிந்தைய பெயரிடலில் 'பார்ட்1' முதலாவது. '001', '002' என முடியும் வெறும் வெட்டுத் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினாலே முழுக் கோப்பு கிடைத்துவிடும். ரார் துண்டு ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பகுதி இருப்பதால் அவற்றை அப்படி ஒட்ட முடியாது.

பிரித்தெடுக்கும்போது சிஆர்சி (சரிபார்ப்பு எண்) பிழை காட்டினால், ஏதோ ஒரு துண்டு சிதைந்திருக்கிறது என்று பொருள். எஸ்எஃப்வி கோப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் உரிய சரிபார்ப்பு எண் இருக்கும். அதனோடு ஒப்பிட்டுக் கெட்ட துண்டைக் கண்டறியலாம். இழந்ததை மீட்கப் பார்2 கோப்புகள் உதவுகின்றன. இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் ஆகியோர் 1960இல் வெளியிட்ட பிழைதிருத்தக் குறிமுறையே இவற்றின் அடிப்படை. மூன்று துண்டுகளின் அளவுக்கு மீட்புத் தரவு இருந்தால், தொலைந்தவை எந்த மூன்றானாலும் மீட்டுவிடலாம்.

பிராம் கோஹன் 2001இல் வெளியிட்ட கோப்புப் பகிர்வு முறையான பிட்டொரண்ட், கோப்பைத் தானே கூறுகளாக்கிச் சரிபார்ப்பதால், அங்கு முன்கூட்டியே வெட்டும் தேவை இல்லாமற்போனது. ஆயினும், 4 ஜிகாபைட்டை எட்டும் கோப்பை ஏற்காத ஃபேட்32 பென்டிரைவ்களுக்கும், மின்னஞ்சல் இணைப்பின் அளவு வரம்புக்கும் துண்டுகளாக வெட்டும் முறை இன்றும் கைகொடுக்கிறது.