மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை: புதியது வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் மீள்குடியேற்றத்துக்குப் பின் எழுந்த வீடுகளில் தண்ணீர் ஏற்பாடு பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். வளவில் ஒரு கட்டுக்கிணறு, கிணற்றடியில் ஒரு சிறிய மின்மோட்டர், தூணில் 500 அல்லது 1000 லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கி, அங்கிருந்து குசினிக்கும் குளியலறைக்கும் பிவிசி பைப். நான் இந்தப் பகுதிகளில் பல வருடங்களாக மோட்டர் திருத்தி வருகிறேன். தண்ணீர் நின்றுவிட்டால் "மோட்டர் முடிஞ்சுது, புதுசு வாங்குங்கோ" என்ற பதில்தான் பல வீடுகளுக்குக் கிடைக்கிறது. கணவனை இழந்தோ, காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டோ பெண்கள் தனியே நடத்தும் வீடுகளில் அந்தப் பதிலின் பொருள் இன்னொரு கடன். நான் பார்த்த அளவில், பழுது மோட்டரில் இல்லாமல் சில நூறு ரூபா சாமானில் இருப்பதே அதிகம். எதை, எந்த ஒழுங்கில் பார்ப்பது என்பதை இங்கே தருகிறேன்.

முதலில் தாங்கியைப் பாருங்கள்

தாங்கியில் தண்ணீர் இருந்தும் குழாயில் வரவில்லை என்றால் பழுது தாங்கிக்குக் கீழே. தாங்கி வெறுமையாக இருந்தால் பழுது கிணற்றுக்கும் தாங்கிக்கும் இடையில். இந்த ஒரு பார்வையிலேயே தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

மோட்டர் சுழல்கிறது, தண்ணீர் ஏறவில்லை

உடனே நிறுத்துங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் உள்ளே உள்ள சீல் சூடாகிக் கெட்டுவிடும். அதற்குப் பிறகுதான் உண்மையிலேயே மோட்டர் பழுதாகும்.

அடுத்து, கிணற்றின் நீர்மட்டத்திலிருந்து மோட்டர் வரை உயரத்தைக் கயிறு விட்டு அளவுங்கள். மேலே இருக்கும் மோட்டர் தண்ணீரை இழுப்பதாக நாம் சொன்னாலும், பைப்புக்குள் அதைத் தள்ளி ஏற்றுவது காற்றழுத்தம்தான். கணக்கின்படி அதன் எல்லை சுமார் 10 மீற்றர். நடைமுறையில் 7 மீற்றர், அதாவது 23 அடி அளவுக்கு மேல் ஏறுவது கடினம். ஆவணி, புரட்டாதியில் நீர்மட்டம் இதற்குக் கீழே போய்விட்டால், கூடிய குதிரைவலு மோட்டர் வாங்கி மேலே வைத்தும் பயனில்லை. இருக்கும் மோட்டரைக் கிணற்றுக்குள் ஒரு தட்டு அமைத்துப் பாதுகாப்பாகக் கீழே இறக்க வேண்டும், அல்லது நீரில் மூழ்கி வேலை செய்யும் வகை மோட்டர் வேண்டும். கடைக்குப் போகுமுன் இந்த அளவை எழுதிக்கொண்டு போங்கள்.

நீர்மட்டம் சரியாக இருந்தால், மோட்டரின் தலையில் உள்ள அடைப்பைக் கழற்றித் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்ற ஊற்ற நிரம்பாமல் இறங்கிக்கொண்டே போனால், கிணற்றுக்குள் பைப்பின் அடியில் இருக்கும் புட்வால்வ் மூடவில்லை. சருகு, சிறுகல் அல்லது தேய்ந்த றப்பர் வாசர் காரணமாக இருக்கலாம். பைப்பைத் தூக்கிக் கழுவிப் பாருங்கள், சரிவராவிட்டால் வால்வை மட்டும் மாற்றுங்கள். திரும்ப இறக்கும்போது அடிச்சேற்றிலிருந்து இரண்டு அடியாவது மேலே நிற்கட்டும்.

நிரம்பி நின்று, மோட்டரைப் போட்டதும் இருமுவது போல விட்டுவிட்டுத் தண்ணீர் வந்தால் உறிஞ்சும் பைப்பில் காற்றுப் புகுகிறது. மோட்டருக்கு மேலே உள்ள பைப்பில் வெடிப்பு இருந்தால் தண்ணீர் ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். கீழே உள்ள பைப்பில் அப்படியல்ல. மோட்டர் ஓடும்போது அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், ஒரு துளியும் வெளியே வராது. அதனால்தான் பலர் அதைத் தவறவிடுகிறார்கள். மோட்டரை நிறுத்தி, வாய்வரை நிரப்பி அரை மணி நேரம் விட்டு, பொருத்துகள் ஈரமாகின்றனவா என்று தடவிப் பாருங்கள். மரை உள்ள இடத்தில் நூல்ரேப் சுற்றி இறுக்கலாம். ஒட்டு விட்ட இடத்தை வெட்டி, நன்றாகத் துடைத்து உலரவைத்துப் புதிய சொக்கற் போட்டு பிவிசி பசையால் ஒட்டுங்கள். ஈரத்தில் ஒட்டிய பொருத்து நிற்காது.

உறுமுகிறது, சுழலவில்லை

மெயின் சுவிச்சையும் நிறுத்திவிட்டு, பின்பக்க விசிறி மூடியைக் கழற்றிக் கையால் சுழற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் நாட்கணக்கில் ஓடாமல் துரு அல்லது சுண்ணாம்புப் படிவு பிடித்திருக்கும். மெதுவாக இருபக்கமும் அசைக்க, பல தடவைகளில் இளகிவிடும். இலகுவாகச் சுழன்றால் கொள்ளளவி, நாம் 'கப்பாசிற்றர்' என்போமே, அதைச் சந்தேகியுங்கள். மோட்டரின் விலையோடு பார்த்தால் அது மிகச் சிறிய செலவு. ஆனால் கரண்டை நிறுத்திய பின்னும் அதற்குள் மின் தங்கியிருக்கும் என்பதால், மாற்றுவதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். மாலையில் மட்டும் உறுமினால் மின்னழுத்தம் 230 வோல்ற்றிலிருந்து இறங்கியிருக்கக்கூடும். காலையில் போட்டுப் பாருங்கள்.

மோட்டரைப் போட்டதும் ட்ரிப் சுவிச் விழுந்தால் மின் எங்கோ கசிகிறது. ட்ரிப் சுவிச்சைத் தவிர்த்து நேரடியாக வயர் கொடுப்பவரை அனுமதிக்காதீர்கள். ஈரக் கிணற்றடியில் உங்கள் உயிருக்கு அந்தச் சுவிச்தான் காவல்.

தாங்கிக்குக் கீழே

ஒரு குழாயில் மட்டும் வரத்துக் குறைவென்றால் அந்தக் குழாயின் நுனிச் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருப்பதால் கிணற்று நீரில் சுண்ணாம்பு கூட. வெள்ளைப் படிவு சல்லடையை அடைத்துவிடும். வினாகிரியிலோ தேசிக்காய்ச் சாற்றிலோ ஒரு இரவு ஊறவைத்துத் துலக்கினால் போதும்.

எல்லாக் குழாய்களிலும் ஒன்றாக நின்றால் தாங்கியடியில் உள்ள வால்வையும், வெளியேறும் வாயில் சேறு அடைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். தாங்கி முழுதாக வற்றி நிரம்பிய பிறகு வரவில்லை என்றால் பைப்பில் காற்று அடைத்திருக்கும். எல்லாக் குழாய்களையும், முக்கியமாக மிகத் தாழ்ந்த குழாயை, திறந்து விடுங்கள்.

சவர் எப்போதுமே மெதுவாக வந்தால் அது பழுதல்ல. 10 மீற்றர் உயரத் தண்ணீர்தான் ஒரு பார் அழுத்தம் தரும். 3 மீற்றர் தூணில் நிற்கும் தாங்கி அதில் மூன்றில் ஒரு பங்கையே தரும்.

சொட்டும் குழாயைச் சிறிதாக எண்ண வேண்டாம். செக்கனுக்கு ஒரு துளி என்றால் நாளுக்கு ஏறத்தாழ 20 லீற்றர். 2022 இல் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரம் வரை போனபோது, தாங்கியில் மிஞ்சிய தண்ணீரை நம்பியே பல வீடுகள் இருந்தன.

தாங்கியைக் கழுவுதல்

வருடத்தில் இரண்டு தடவையாவது தாங்கியை வெறுமையாக்கித் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு நிரப்பி, 1000 லீற்றருக்கு வாசனை சேராத 5 வீத குளோரின் வெளுப்புத் திரவம் ஒரு லீற்றர் கலந்து, ஒவ்வொரு குழாயிலும் மணம் வரும்வரை திறந்து மூடி, 12 மணிநேரம் விடுங்கள். அந்தத் தண்ணீர் குடிக்கவோ சமைக்கவோ அல்ல. முழுவதையும் வெளியேற்றி, மணம் போகும்வரை புதுத் தண்ணீர் விட வேண்டும். வினாகிரியையும் குளோரினையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும்.

தோட்டக்காணிகளை அண்டிய கிணறுகளில் பசளையிலிருந்து வரும் நைத்திரேற்று இருக்கலாம். குளோரினாலோ கொதிக்க வைப்பதாலோ அது போகாது. கொதிக்க வைத்தால் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தை உள்ள வீடானால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நீர்ப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

கிணற்றுக்குள் இறங்குமுன்

இறைப்பதற்காக மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடாதீர்கள். காபனோரொட்சைட்டு உள்ளே தேங்கும். அதற்கு மணமில்லை. விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் அதிலேயே விழுவார்.

நீண்ட காலம் ஆளில்லாமல் கிடந்த வளவென்றால் இன்னொன்று. துப்புரவு செய்யும்போது அடியில் அடையாளம் தெரியாத உலோகப் பொருள் தட்டுப்பட்டால் தொடாமல், வாளியில் அள்ளாமல் மேலே வந்து, யாரையும் கிட்ட விடாமல் 119 இல் பொலிஸுக்கு அறிவியுங்கள். போர் நடந்த மண்ணில் கிணறுகளுக்குள்ளும் வெடிபொருட்கள் இருந்திருக்கின்றன.

திருத்துபவரை அழைக்க நேர்ந்தால், நீர்மட்ட உயரம், ஊற்றிய தண்ணீர் நின்றதா இறங்கியதா, மோட்டர் சுழன்றதா உறுமியதா என்ற மூன்றையும் முதலிலேயே சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தரும்படி கேளுங்கள். இந்த மூன்றையும் கேட்டபின்னும் எதையும் திறந்து பார்க்காமல் புது மோட்டர் வேண்டும் என்று சொல்பவருக்குப் பணம் கொடுக்குமுன், இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.