மனநோயும் நீதிமன்றமும்: 84-ஆம் பிரிவு பிறந்த கதை



'தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்' என்று மலேசியப் பள்ளித் திடல்களில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேலி செய்வதுண்டு. சிங்கப்பூரில் இதே கேலிக்கு 'உட்பிரிட்ஜ்' என்ற பெயர் பயன்பட்டது. இரண்டுமே மனநல மருத்துவமனைகளோடு சேர்ந்த பெயர்கள். மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயரே வசைச்சொல்லாகிப் போனது. அதேபோல, கொலை வழக்கில் பிடிபட்டவர் மனநலப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டார் என்று செய்தி வந்தால், "பைத்தியம்னு சொல்லி ஈசியா தப்பிச்சிடுவான், பாரு" என்பார்கள். உண்மையிலேயே தப்பிக்க முடியுமா? இதற்கு விடை தேட நாம் 200 ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும்.

1800: மன்னரைச் சுட்டவர்

1800-ஆம் ஆண்டு மே 15. லண்டன் டுரூரி லேன் அரங்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நோக்கி ஜேம்ஸ் ஹேட்ஃபீல்டு என்பவர் துப்பாக்கியால் சுட்டார். குறி தவறியது. ஹேட்ஃபீல்டு ஒரு முன்னாள் படைவீரர். 1794-இல் பிரெஞ்சுப் படையோடு நடந்த போரில் தலையில் கடுமையான வாள்வெட்டுக் காயங்கள் பட்டவர். அரசாங்கத்தின் கையால் தாம் இறந்தால் இயேசுவின் இரண்டாம் வருகை நிகழும் என்று அவர் நம்பினார். மன்னரைச் சுட்டால் மரண தண்டனை கிடைக்கும் என்று தெரிந்தேதான் சுட்டார்.

அவருக்காக வாதாடிய தாமஸ் எர்ஸ்கின், தலைக்காயத்தையும் அதனால் வந்த மாயநம்பிக்கையையும் எடுத்துக்காட்டினார். ஹேட்ஃபீல்டு விடுவிக்கப்பட்டார். ஆனால், வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. இப்படிப்பட்டவர்களைக் காவலில் வைக்க நாடாளுமன்றம் அதே ஆண்டில் புதுச் சட்டம் இயற்றியது. அவர் எஞ்சிய வாழ்நாளைக் காவலிலேயே கழித்தார்.

1843: மெக்நாட்டன் வழக்கு

டேனியல் மெக்நாட்டன் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மரக்கடைசல் தொழிலாளி. ஆளும் டோரி கட்சியினர் தம்மை இரவு பகலாகப் பின்தொடர்ந்து வதைக்கிறார்கள் என்று நம்பினார். 1843 ஜனவரி 20-இல் லண்டன் தெருவில் எட்வர்ட் டிரம்மண்டைப் பின்னாலிருந்து சுட்டார். டிரம்மண்ட் பிரதமர் ராபர்ட் பீலின் அந்தரங்கச் செயலாளர். பிரதமர் என்று நினைத்தே சுட்டார் எனக் கருதப்படுகிறது. ஐந்து நாளில் டிரம்மண்ட் இறந்தார்.

மார்ச் மாதம் விசாரணை நடந்தது. அலெக்சாண்டர் காக்பர்ன் எதிர்தரப்புக்கு வாதாடினார். மருத்துவர்கள் பலர் வரிசையாக வந்து, இவர் மனநோயாளி என்றே சாட்சி சொன்னார்கள். அதை மறுக்க அரசுத் தரப்பில் ஒரு மருத்துவர்கூட இல்லை. நடுவர் குழு அவரை விடுவித்தது.

நாடே கொதித்தது. விக்டோரியா மகாராணிக்கும் கோபம். ஏனென்றால், 1840-இல் அவரையே சுட முயன்றவரும் இதே காரணத்தால்தான் விடுவிக்கப்பட்டிருந்தார். பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்து விளக்கம் கேட்டது. அவர்கள் தந்த பதிலே 'மெக்நாட்டன் விதிகள்' எனப் பெயர் பெற்றது.

விதி கேட்பது என்ன?

"இவருக்கு நோய் உண்டா?" என்பது மருத்துவரின் கேள்வி. நீதிமன்றம் அதோடு நிற்பதில்லை. அந்த நோயினால், செயலைச் செய்த அந்த நேரத்தில், தாம் என்ன செய்கிறோம் என்பதையோ அது தவறு என்பதையோ அறியாத நிலையில் இருந்தாரா என்று கேட்கிறது. இந்த இரண்டு கேள்விகளுக்கும் உள்ள இடைவெளிதான் இப்பாடத்தின் மையம்.

இந்த அளவுகோலால் ஹேட்ஃபீல்டை அளந்து பாருங்கள். தண்டனை கிடைக்கும் என்று தெரிந்தே செய்தவர் அவர். மெக்நாட்டனையே இந்த விதியால் அளந்திருந்தால் அவரும் தண்டிக்கப்பட்டிருக்கலாம் என்று சட்ட அறிஞர்கள் பலர் கூறுகின்றனர். அவர் பெயரில் உள்ள விதி அவரையே காப்பாற்றியிருக்காது!

நம் மண்ணுக்கு வந்த விதி

இதே காலத்தில் இங்கே நிலைமை எப்படி? தொடக்கக்காலச் சிங்கப்பூரில் மனநோயாளிகளைச் சிறையில்தான் அடைத்து வைத்தார்கள். அங்கே ஒருவர் இன்னொருவரைக் கொன்ற பிறகே, 1841-இல் மனநோயாளிகளுக்கெனத் தனி மருத்துவமனை கட்டப்பட்டது. பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை 1911-இல் திறக்கப்பட்டது.

சட்டமோ இந்தியா வழியாக வந்தது. 1860-இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, மெக்நாட்டன் விதியின் கருத்தைச் சுருக்கமாகச் சொன்னது. அச்சட்டத்தை ஒட்டி நீரிணைக் குடியேற்றங்கள் 1871-இல் தங்கள் சட்டத்தை இயற்றின. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்றும் அதே எண்தான், 84.

மனநோய்க்குக் காரணம் என்ன?

அன்று பேய், பாவம், சாபம் என்றார்கள். இன்று மருத்துவம் ஒரே காரணத்தைச் சுட்டுவதில்லை. மரபு, மூளையின் செயல்பாடு, தலைக்காயம், போதைப்பொருள், சிறுவயதுக் கொடுமை, வறுமை, தனிமை எனப் பல சேர்ந்து வேலை செய்கின்றன. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மனநோயாளிகளில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. பிறரால் தாக்கப்படும் ஆபத்துதான் அவர்களுக்கு அதிகம்.

சட்டம் மாறுகிறதா?

மாறுகிறது, மெதுவாக. தெரிந்திருந்தும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் ஆற்றலை நோயால் முழுவதுமாக இழந்தவர் என்ன செய்வார்? 2020 முதல் சிங்கப்பூரின் 84-ஆம் பிரிவு இந்நிலையையும் ஏற்கிறது. மலேசியச் சட்டத்தில் இது இன்னும் சேர்க்கப்படவில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவை இரு நாடுகளுமே நீக்கிவிட்டன. சிங்கப்பூரில் இது 2020-இல் நடந்தது, மலேசியாவில் 2023-இல். உயிரை விடத் துணியும் அளவுக்கு மனம் உடைந்தவருக்கு வேண்டியது மருத்துவரா, மாஜிஸ்திரேட்டா? சட்டம் இதற்குத் தன் பதிலை மாற்றிக்கொண்டது.

அப்படியென்றால், தப்பிக்கலாமா?

84-ஆம் பிரிவைக் கோருபவரே தம் நிலையை நிரூபிக்க வேண்டும். மருத்துவச் சான்று மட்டும் போதாது. வென்றாலும் வாசல் திறப்பதில்லை. மலேசியாவில் அவரை ஆட்சியாளரின் உத்தரவுப்படி, முன்கூட்டியே காலவரம்பு குறிக்காமல் மனநல மருத்துவமனையில் வைக்கலாம். 'விடுவிக்கப்பட்ட' மெக்நாட்டனும் பெத்லெம் மருத்துவமனையில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்து, 1864-இல் பிராட்மூருக்கு மாற்றப்பட்டு, 1865-இல் அங்கேயே இறந்தார். ஒருநாள்கூட வெளியே வாழவில்லை. ஆகவே "ஈசியா தப்பிச்சிடுவான்" என்ற பேச்சுக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை.

மாணவர் கவனத்திற்கு

1. கட்டுரை எழுதும்போது 'பைத்தியம்', 'லூசு' போன்ற சொற்களைத் தவிர்த்து 'மனநோய்', 'மனநலக் குறைபாடு' என எழுதுங்கள்.
2. 1800, 1843, 1860, 1871 ஆகிய ஆண்டுகளைக் காரண விளைவுத் தொடராக நினைவில் வையுங்கள். தனித்தனியாக மனனம் செய்தால் குழப்பமே மிஞ்சும்.
3. மருத்துவரின் கேள்வியையும் நீதிமன்றத்தின் கேள்வியையும் வேறுபடுத்திக் காட்டினால் கருத்து தெளிவாகும்.

வகுப்பறைக் கலந்துரையாடலுக்கு: தவறு என்று அறிந்தும் நோயால் தம்மை அடக்க முடியாதவரைத் தண்டிப்பது நியாயமா? கொல்லப்பட்டவரின் குடும்பத்திற்கு அப்போது நாம் என்ன பதில் சொல்வது? இரு தரப்பாகப் பிரிந்து பேசிப் பாருங்கள்.