கண்டியின் வாயில்களும் சுங்கமும்

மலைகளையே மதிலாகக் கொண்டது கண்டி மாநகர். மன்னர் காலத்தில் அதன் வழிகளில் முள் வாயில்கள் இருந்தன. களிமண்ணில் பதித்த முத்திரையே அவற்றைக் கடப்பதற்கு அனுமதிச் சீட்டாயிற்று என்பதை, 1681ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் றொபேட் நொக்ஸ் குறித்துள்ளார். அந்நாளில் வாயிலின் நோக்கம் காவல்.

ஆங்கிலேயர் ஆட்சியில் அந்நோக்கம் வருவாயாக மாறிற்று. தேசாதிபதி பார்ன்ஸ் 1820களில் அமைப்பித்த கொழும்பு–கண்டி வீதியில், பின்னாளில் கோப்பி ஏற்றிய மாட்டுவண்டிகள் மலிந்தன. வீதி, பாலம், ஓடத்துறை ஆகியவற்றின் சுங்கத்தை அரசாங்கம் குத்தகைக்கு விட்டது. வண்டிக்காரர் சுங்கம் செலுத்தினர். ஆயினும் வண்டிகள் குறையவில்லை. வேறு வழியற்றவன் கேட்ட பணத்தைக் கொடுத்தே தீரவேண்டும் அன்றோ? 1867ஆம் ஆண்டில் புகையிரதம் கண்டியை அடைந்த பின்னரே கோப்பி மூட்டைகள் வீதியை விட்டு இருப்புப் பாதைக்கு மாறின.

நெரிசலைக் குறைப்பதற்கென்றே சுங்கம் விதித்தது சிங்கப்பூர். 1975ஆம் ஆண்டில், காலை வேளையில் நகர மையத்துள் நுழையும் மோட்டார் வண்டிகள் கட்டணம் செலுத்தவேண்டியதாயிற்று. நால்வர் கூடிவந்த வண்டிக்கு அப்போது விலக்கு இருந்தது. வண்டிகள் குறைந்தன, பஸ்ஸில் செல்வோர் பெருகினர். 2003ஆம் ஆண்டில் இலண்டனும் அவ்வழி சென்றது.

குறுகிய வீதிகளில் ஊர்திகள் நெருங்கும் இன்றைய கண்டிக்கும் இவ்வரலாறு பொருந்தும். மக்கள் ஏறிச்செல்ல மாற்று ஊர்தி இருப்பின், சுங்கம் நெரிசலைத் தணிக்கும். இன்றேல் அது வெறும் வரியாகவே நிற்கும்.